பத்து நாள் பயணத்துக்காக ஒரு காரா?

பெங்களூருவில் ஒரு தமிழ்க் குடும்பம் கார் வாங்கப் போகிறது என்ற செய்தி, பக்கத்து வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே செங்கத்துக்கும் திருப்பத்தூருக்கும் தர்மபுரிக்கும் போய்விடும். அதன் பிறகு டெலிபோன் ஓயாது.

"சின்ன காரு வேணாம் மாப்ளே, உசரமா ஒண்ணு எடுங்க" என்பார் மனைவியின் அண்ணன். "டீசலா இருந்தாத்தான் இழுவை இருக்கும்" என்பார் சித்தப்பா. "ஓசூர்ல எடுத்துடுப்பா, வரி கம்மி. நம்ம வூட்டு அட்ரஸ் இருக்குது இல்ல" என்பார் தாய்மாமன். பிள்ளைகளோ கூரையில் கண்ணாடி திறக்கிற வண்டிதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

யோசனை சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெங்களூருவில் வாழ்பவர்கள் இல்லை என்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஸ்.யூ.வி. வண்டிகளில் ஒன்றாகத்தான் இருக்கிறது. டாட்டா நெக்ஸான், மாருதி பிரெஸ்ஸா, ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட், மகிந்திரா எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்.ஓ., ஸ்கோடா கைலாக், நிசான் மேக்னைட் என்று ஒரு பெரிய வரிசையே இருக்கிறது. இவற்றில் எதையும் மோசமான வண்டி என்று தள்ளிவிட முடியாது. கோளாறு வண்டியில் இல்லை, வாங்குகிற முறையில் இருக்கிறது. வருடத்தில் 355 நாள் பெங்களூருவில் நிற்கப்போகிற வண்டியை, ஊருக்குப் போகும் 10 நாளை மனதில் வைத்து நம்மவர்கள் வாங்குகிறார்கள். உயரம், டீசல், சன்ரூஃப், நம்பர் பிளேட் எல்லாமே அந்தப் பத்து நாளுக்காகத்தான். தவணை மட்டும் ஏழு வருடத்துக்கு.

ஆசையில் தவறு சொல்வதற்கில்லை. பொங்கலுக்கு ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்தது. நாள் குறைந்ததே தவிர கூட்டம் குறையவில்லை. முன்பதிவு தொடங்கும் நாளன்று காலையில் கவுண்டரில் முதல் ஆளாக நின்றவருக்கே 'வெயிட்டிங் லிஸ்ட்' சீட்டு வருவதுண்டு. தனியார் பஸ்காரர்களோ பண்டிகை வந்தால் கட்டணத்தைத் தங்கள் இஷ்டத்துக்கு ஏற்றுகிறார்கள். கைக்குழந்தையையும் மூட்டு வலிக்கார அம்மாவையும் வைத்துக்கொண்டு நள்ளிரவில் சாந்திநகர் பஸ் நிலையத்தில் நின்ற குடும்பத்துக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். அடுத்த வருடமாவது சொந்த வண்டியில் போக வேண்டும் என்று அங்கேதான் வைராக்கியம் பிறக்கிறது. பிறகு கணக்குப் பார்க்கிற பொறுமை யாருக்கு வரும்?

நான்கு மீட்டர் கணக்கு

இந்த வண்டிகள் எல்லாம் ஏன் 3,995 மில்லிமீட்டர் என்கிற அளவிலேயே வந்து நிற்கின்றன? அழகுக்காக இல்லை, வரிக்காக. 2006-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறிய கார் என்றால் நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள், டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும் என்று அப்போது வகுக்கப்பட்டது. அந்த வேலிக்குள் எவ்வளவு பெரிய தோற்றத்தை அடைக்க முடியும் என்ற போட்டியில் பிறந்தவைதான் இன்றைய சிறிய எஸ்.யூ.வி.க்கள். முன்னும் பின்னும் வெட்டி, மேலே உயர்த்திய கார் என்று சொன்னாலும் தவறில்லை.

ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அதே வேலிதான். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த மூன்று நிபந்தனைகளுக்குள் வரும் வண்டிகளுக்கு வரி 18 சதவீதம் ஆகிவிட்டது. அதற்கு முன் பெட்ரோல் வண்டிக்கு செஸ்ஸையும் சேர்த்து 29 சதவீதம், டீசலுக்கு 31 சதவீதம். நிபந்தனைகளில் ஒன்றைத் தாண்டினாலும் 40 சதவீதம்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். நீளம் நான்கு மீட்டருக்குள் இருந்தால் 18 சதவீதம்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். பிரெஸ்ஸாவின் நீளமும் 3,995 மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் என்ஜின் 1,462 சி.சி. ஆகவே அது 40 சதவீதக் கூடையில் விழுகிறது. அதே நீளமுள்ள நெக்ஸானின் 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி 18 சதவீதக் கூடையில் இருக்கிறது. வரி சேராத விலை 7 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதத்தில் அது 8 லட்சத்து 26 ஆயிரம் ஆகும். 40 சதவீதத்தில் 9 லட்சத்து 80 ஆயிரம் ஆகும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். பெரிய என்ஜின் கூடாது என்பதில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெங்களூருவுக்கு இன்னொரு வேலியும் உண்டு. அது பத்து லட்சம். கர்நாடகத்தில் ஆயுள் வரி 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 14 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 17 சதவீதம். அந்த வரியின் மேல் 11 சதவீதம் செஸ். 9 லட்சத்து 95 ஆயிரம் விலையுள்ள வண்டிக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து சுமார் 1 லட்சத்து 54 ஆயிரத்து 600 ரூபாய். 10 லட்சத்து 5 ஆயிரம் விலையுள்ள வண்டிக்கு சுமார் 1 லட்சத்து 89 ஆயிரத்து 600 ரூபாய். வண்டி விலையில் வித்தியாசம் பத்தாயிரம். வரியில் வித்தியாசம் முப்பத்தைந்தாயிரம்! "இன்னும் பத்தாயிரம் போட்டால் அடுத்த மாடல் சார்" என்று ஷோரூம் பையன் சிரித்துக்கொண்டே சொல்லும்போது, இந்த முப்பத்தைந்தாயிரத்தைப் பற்றி அவன் வாய் திறப்பதில்லை.

தெரு சொல்லும் அளவு

ஸ்ரீராம்புரம், பிரகாஷ் நகர், ஆஸ்டின் டவுன், மர்பி டவுன், அல்சூர் பஜார் பக்கம் வாழும் நம் குடும்பங்களுக்கு வண்டியின் நீளத்தைவிட அகலம்தான் முக்கியம். நெக்ஸானின் அகலம் 1,804 மில்லிமீட்டர், பிரெஸ்ஸாவுக்கு 1,790. கிட்டத்தட்ட ஆறடி. இருபுறமும் கண்ணாடி நீட்டிக்கொண்டிருப்பது வேறு. வேகன் ஆர் காரின் அகலம் 1,620 மில்லிமீட்டர்தான். ஒரு பக்கம் ஸ்கூட்டர்கள், மறுபக்கம் தண்ணீர் டிரம், நடுவில் தள்ளுவண்டி நிற்கும் தெருவில் இந்த ஏழு அங்குலம்தான் தினசரிச் சண்டையைத் தீர்மானிக்கிறது. வாங்குவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து, வீட்டு வாசலையும் தெரு முனையையும் அளந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? சைட் வாங்கும்போது அங்குலம் அங்குலமாக அளக்கிற ஆட்கள்தான், பத்து லட்ச ரூபாய்ப் பொருளைக் கண்ணால் அளந்து வாங்குகிறார்கள்.

அந்தத் தெருவிலிருந்து வண்டி தினமும் எங்கே போகப் போகிறது என்பதும் கேள்வி. பீன்யாவில் வேலை பார்க்கும் ஸ்ரீராம்புரத்துக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குப் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம். பச்சை வழித்தடத்தில் ஏறினால் மாறாமல் பீன்யாவில் இறங்கலாம். மனைவி பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. ஸ்கூட்டரில் போய் வருகிறார். பிள்ளைகளுக்குப் பள்ளி வேன். இந்தக் குடும்பத்தில் கார் வாரத்தில் ஆறு நாள் மேலே உறை போட்டுத்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட், மாதத்தில் ஒரு கல்யாணம், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. இதற்கு டீசல் எதற்கு?

டீசல் விஷயத்தில் நம்மவர்களின் நினைப்பு பழசு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக் குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று சேர்ந்திருக்கிறது. வண்டி தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து ஃபில்டர் சுத்தமாகும். இரண்டு கிலோமீட்டர் போய் நிற்பதும், சிக்னலுக்குச் சிக்னல் ஊர்வதுமாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும், மெக்கானிக்கிடம் ஓட வேண்டியிருக்கும். மாதம் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு டீசல் லாபம். ஸ்ரீராம்புரத்தில் உறை போட்டு நிற்கிற வண்டிக்கு இல்லை. சித்தப்பா சொன்ன 'இழுவை' செங்கம் மலைப்பாதைக்கு வேண்டுமானால் நன்றாக இருக்கலாம். அந்தப் பாதையில் வண்டி வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?

உயரத்தைப் பற்றி மட்டும் ஊர்க்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்கிற காரணத்துக்காக இல்லை. இந்த வண்டிகளில் தரைக்கும் அடித்தட்டுக்கும் இடைவெளி சுமார் 190 முதல் 210 மில்லிமீட்டர் வரை இருக்கிறது. பெங்களூருவில் அவரவர் வீட்டு வாசலில் போட்டு வைத்திருக்கும் வேகத்தடைகளைப் பார்த்தவர்கள் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அதைவிடப் பெரிய லாபம் இருக்கையின் உயரம். தாழ்ந்த காரில் குனிந்து உட்கார்ந்து, பிறகு கையை ஊன்றி எழுந்திருப்பது முழங்கால் தேய்ந்த அம்மாவுக்குப் பெரிய பாடு. இந்த வண்டிகளில் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரலாம். ஆகவே ஷோரூமுக்குப் போகும்போது அம்மாவையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். பின் கதவைத் திறந்து அவர் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். பின் இருக்கையில் அவருக்கு இருபுறமும் இரண்டு பேர் உட்கார்ந்து பார்க்கட்டும். ஐந்து பேர் வண்டி என்பார்கள். அகலமான ஆட்கள் மூவர் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும்.

உயரம் இருக்கிறதே என்று வெள்ளத்தில் இறக்கிவிடக் கூடாது. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் கார்கள் மூழ்கி, ஜனங்கள் டிராக்டரில் ஆபீசுக்குப் போனதை யாரும் மறந்திருக்க முடியாது. தண்ணீர் புகுந்த என்ஜினைத் திரும்பவும் 'ஸ்டார்ட்' செய்து கெடுத்துக்கொண்டால் சாதாரண இன்சூரன்ஸ் பணம் தராது. என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்து வாங்கினால்தான் உண்டு. தோல் உறை, கதவில் ஒட்டும் அலங்காரம் இவற்றுக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போதும்.

மாருதி பிரெஸ்ஸா, டாட்டா நெக்ஸான் போன்றவற்றில் சி.என்.ஜி. வண்டியும் கிடைக்கிறது. ஓட்டும் செலவு குறைவுதான். ஆனால் ஒற்றை சிலிண்டர் வைத்த வண்டியில் டிக்கியைச் சிலிண்டரே எடுத்துக்கொள்ளும். டாட்டா கம்பெனி இரண்டு சிறிய சிலிண்டர்களாகப் பிரித்துத் தரைக்கு அடியில் வைத்து இடம் மிச்சம் பிடித்திருக்கிறது. ஊரிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றிவருகிற குடும்பங்கள் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

கூரைக் கண்ணாடியா, காற்றுப் பையா?

ஒரே விலையில் இரண்டு வண்டிகள். ஒன்றில் சன்ரூஃப் இருக்கிறது. மற்றதில் அது இல்லை. இடிக்கும்போது விரிகிற காற்றுப் பைகள் ஆறும், வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஏற்பாடும் இருக்கின்றன. குடும்பம் எதை எடுக்கும்? பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பல தகப்பன்மார் முதலாவதை எடுத்துவிடுகிறார்கள். பிறகு கிருஷ்ணகிரி சாலையில், ஓடுகிற வண்டியின் கூரைக்கு மேல் ஒரு குழந்தை தலையை நீட்டிக்கொண்டு கையாட்டும். திடீரென்று பிரேக் போட்டால் அந்தக் கழுத்து என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே நெஞ்சு பதறுகிறது.

இந்த ஒரு விஷயத்தில் ஊருக்குப் போகும் பத்து நாளை நினைத்து வாங்கத்தான் வேண்டும். பெங்களூருவின் ஊர்ந்து போகும் போக்குவரத்தில் பம்பர் நசுங்கும்; பெரும்பாலும் அதோடு போய்விடும். உயிர் போகிற இடம் நெடுஞ்சாலை. ஓசூரைத் தாண்டினால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் லாரிகளுக்கு நடுவில் போக வேண்டும். சேலத்துக்குப் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அங்கே இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகள் எத்தனை குடும்பங்களை அழித்திருக்கின்றன என்று இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டிலேயே கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்.சி.ஏ.பி. திட்டம் 2023 அக்டோபர் 1-ல் தொடங்கியது. அதற்கு முன்பே, 2018 டிசம்பரில், குளோபல் என்.சி.ஏ.பி. சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் என்ற பெயரை நெக்ஸான் பெற்றது. எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்.ஓ., கைலாக் ஆகியவையும் பாரத் என்.சி.ஏ.பி.யில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், குழந்தைகளுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாக உண்டு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விற்பனையாளர் "ஃபைவ் ஸ்டார் சார்" என்றால், எந்த வருடம், யார் நடத்திய சோதனை, எந்த மாடல் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

நட்சத்திரம் எத்தனை இருந்தாலும், பின் இருக்கையில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் அவ்வளவும் வீண். 2022 செப்டம்பர் 4-ந் தேதி மராட்டியத்தில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தாரே, அவர் வந்தது விலை உயர்ந்த வெளிநாட்டு வண்டிதான். அவர் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்தார். நம் வீடுகளில் பின் இருக்கை பெல்ட்டை மடித்து இருக்கைக்கு அடியில் சொருகி, மேலே உறையும் தைத்துவிடுகிறார்கள். பாட்டிக்கு இடுப்பில் குத்துகிறதாம்!

தவணை

பெரிய வண்டி, சின்ன வண்டி என்ற சண்டையை முடித்துவைப்பது மாதத் தவணைதான். 8 லட்ச ரூபாய் கடன், 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 16,600 ரூபாய். வட்டி மட்டும் 1 லட்சத்து 96 ஆயிரம். ஏழு வருடம் என்றால் மாதம் 12,870 ரூபாய். வட்டி 2 லட்சத்து 81 ஆயிரம். மாதம் நாலாயிரம் குறைகிறதே என்று ஏழு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர், 85 ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். ஏழாவது வருடம் மூத்த பெண் கல்லூரிக்குப் போவாள். அப்போது கடனும் முடிந்திருக்காது, வண்டியின் டயரும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஏழு வருடத் தவணைக்காரருக்கு வருடத்துக்கு ஒன்றரை லட்சம் போகிறது. இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் வேறு. வருடத்துக்குப் பத்து நாள் ஊருக்குப் போவதுதான் முக்கியத் தேவை என்றால், நாளுக்கு நாலாயிரம் என்று தாராளமாக வைத்து வாடகை வண்டி எடுத்தாலும் நாற்பதாயிரம்தான். ஆனால் நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத் திணறினால் வாடகை வண்டிக்காரர் வந்து சேரும்வரை காத்திருக்க முடியுமா என்று அந்த வீட்டுப் பெண்மணி கேட்பார். அந்தக் கேள்விக்கு நாற்பதாயிரம் கணக்கு பதில் ஆகாது. அதற்காக வாங்குவதானால் தாராளமாக வாங்கலாம். ஆனால் நள்ளிரவில் ஓட்டப்போவது யார்? கணவர் இரவு ஷிப்டில் இருந்தால் மனைவிக்கு ஓட்டத் தெரிய வேண்டும். பல வீடுகளில் பத்து லட்சம் போட்டு வாங்கிய வண்டியை ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் ஊரில் இல்லாத நாளில் ஆட்டோதான். வண்டிக்கு முன்பணம் கட்டுகிற மாதமே வீட்டுப் பெண்மணியும் டிரைவிங் பள்ளியில் சேருவது நல்லது. ஓட்டிப் பார்க்கிற நாளில் அவரும் அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஷோரூமில் கொடுக்கும் 'ஆன்-ரோடு' விலைச் சீட்டையும் வரி வரியாகப் படிக்க வேண்டும். 'ஹேண்ட்லிங்' கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேட்கலாம். கட்ட மாட்டேன் என்றும் சொல்லலாம். இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது 2018 முதல் விதி. சொந்த வண்டிக்கான காப்பீட்டை எந்தக் கம்பெனியிலும் விசாரித்து எடுக்கலாம்.

கம்பெனி நிலைத்து நிற்குமா என்பதையும் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. சென்னைக்கு அருகே மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2013-ல் வந்தபோது வரிசையில் நின்று பதிவு செய்தார்கள். 2021 செப்டம்பரில், இந்தியாவில் விற்பதற்காகக் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. சர்வீஸ் தொடரும் என்றும் சொன்னது. ஆனாலும் அன்று புது வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்களின் மனநிலையைக் கேட்டால் தெரியும்.

ஓசூர் நம்பர்

இப்போது தாய்மாமன் சொன்ன யோசனைக்கு வருவோம். பெங்களூருத் தமிழர்கள் வீட்டில் கார் பேச்சு எடுத்தால் இதைப் பேசாமல் முடிவதில்லை. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே வரி குறைவு. உறவினர் வீட்டு முகவரியில் பதிவு செய்துவிட்டு வண்டியை இங்கே வைத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் இதில் கணிசமான லாபம் இருந்தது உண்மை. தமிழ்நாட்டில் பத்து லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம் என்று வரி இருந்தபோது, 11 லட்ச ரூபாய் வண்டிக்கு 42 ஆயிரத்துக்கு மேல் மிச்சமாகும்.

ஆனால் 2023 நவம்பரில் தமிழ்நாடு வரியை உயர்த்திவிட்டது. இப்போது 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். அதே 11 லட்ச ரூபாய் வண்டிக்கு அங்கே 1 லட்சத்து 98 ஆயிரம். இங்கே செஸ்ஸோடு 2 லட்சத்து 7 ஆயிரத்து 570. வித்தியாசம் பத்தாயிரம் கூட இல்லை! 9 லட்ச ரூபாய் வண்டிக்கு அங்கே 1 லட்சத்து 17 ஆயிரம். இங்கே 1 லட்சத்து 39 ஆயிரத்து 860. சுமார் 23 ஆயிரம் மிச்சம். மாமாவின் கணக்கு 2023-க்கு முந்திய கணக்கு என்பதை யாராவது அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் பத்தாயிரத்துக்கும் இருபத்து மூவாயிரத்துக்கும் என்ன விலை கொடுக்கிறோம்? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால், அங்கே புது எண் வாங்கியாக வேண்டும். வண்டி தினமும் மெஜஸ்டிக்கிலும் யஷ்வந்த்புரத்திலும் ஓடுகிறது. பதிவுப் புத்தகத்திலோ கெலமங்கலத்து முகவரி. சாலையில் ஆர்.டி.ஓ. அதிகாரிகள் நிறுத்தினால், "நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்தேன்" என்று சொல்ல வேண்டும். கூடவே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அப்பா பொய் சொல்வது தெரியும். பெங்களூருவில் எடுத்த பெட்ரோல் ரசீது, சர்வீஸ் சீட்டு இவை எல்லாம் டேஷ்போர்டிலேயே இருக்கும். பிடிபட்டால் இங்கே வரி, அதற்கு மேல் அபராதம், அலைச்சல். நாளைக்கு விற்கப் போனாலும் பெங்களூருவில் வாங்குகிறவர் இதைக் காட்டியே விலையைக் குறைப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது பெங்களூருவில் தமிழ்நாட்டு எண் பலகை இருந்த லாரிகளும் கார்களும் தாக்கப்பட்டன. பணிமனையில் நின்ற தனியார் பஸ்கள் எரிக்கப்பட்டன. அதே நாட்களில் ராமேசுவரத்தில் கர்நாடக எண் வண்டிகளும் தாக்கப்பட்டன. அந்த நாட்களில் தமிழ்நாட்டு எண் உள்ள வண்டியைத் துணி போட்டு மூடி வைத்த குடும்பங்கள் அல்சூரிலும் உண்டு. அப்படி ஒரு நாள் திரும்பவும் வரக் கூடாது; வராது என்றே நம்புவோம். ஆனால் இரண்டு தலைமுறையாக இங்கேயே பிறந்து, இங்கேயே ரேஷன் வாங்கி, இங்கேயே ஓட்டுப் போடுகிற குடும்பம், வரியில் பத்தாயிரம் மிச்சம் பிடிக்கத் தன் வண்டிக்கு வெளியூர்க்காரர் என்ற முத்திரையைத் தானே குத்திக்கொள்ள வேண்டுமா? வாழும் ஊரின் சாலைக்கு வரி கொடுப்பவர்தான், அந்தச் சாலையில் இருக்கும் குழியைப் பற்றி அதிகாரியிடம் உரத்த குரலில் கேட்க முடியும்.

ஊரில் கே.ஏ. எண்ணைப் பார்த்து, "என்னப்பா, கன்னடக்காரனா ஆயிட்டியா?" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். பொங்கல் முடிந்து திரும்புகிறவரை கேட்கிற கேலிதான் அது.

அடிக்கடி மாற்றலாகும் மத்திய, மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறைத் தொழிலாளர்கள், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள தனியார் கம்பெனி ஊழியர்கள் ஆகியோருக்கு 2021-ல் 'பி.எச்.' எண் வரிசை வந்திருக்கிறது. வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. எச்.ஏ.எல்., பி.இ.எம்.எல்., ரயில்வே என்று நம்மவர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கும் இந்த ஊரில், தகுதி உள்ளவர்கள் ஓசூருக்கு ஓடுவதற்கு முன் இதை விசாரிக்கலாம்.

ஊருக்குப் போகிற செலவில் மிச்சம் பிடிக்க வழியே இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் வருடாந்தர பாஸ் வந்திருக்கிறது. தொடங்கியபோது அதன் கட்டணம் 3,000 ரூபாய். அதைக் கட்டினால் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை போகலாம். மாதா மாதம் ஊருக்குப் போகிறவருக்கு லாபம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் போகிறவர், ஒரு தடவை போய்வரும் சுங்கச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

ஏற்கெனவே தமிழ்நாட்டு எண்ணில் வாங்கிவிட்டு இங்கே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் என்ன செய்வது? முதலில் பதிவு செய்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் தேவை. அதை எடுத்து வந்து இங்குள்ள அலுவலகத்தில் படிவம் 27 கொடுத்து, வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறைத்துக் கணக்கிட்ட வரியைக் கட்டினால் கே.ஏ. எண் கிடைக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் புது எண்ணைத் தெரிவிக்க வேண்டும். புதுப் பதிவுப் புத்தகத்தின் நகலையும் வரி ரசீதையும் வைத்து, பழைய ஊரில் மீதிக் காலத்துக்கான வரியைத் திருப்பிக் கேட்டு மனுக் கொடுக்கலாம். அந்தப் பணம் வந்து சேர மாதக் கணக்கில் ஆகும். மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.